மூடப்படாத பார்வைகள்

பொன்னாத்தாள் குளியலறையில் விழுந்து உயிர் போய் அரை நாள் ஆகியும், அவருடைய அறைக் கதவுக்கு மேலே இருந்த பச்சை விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. தரை துடைக்க வந்த பெண்தான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் மூன்றாம் கட்டடமே கூடிவிட்டது. அப்போதும் காவலறைத் திரையில் அந்த அம்மாளின் பெயருக்கு நேரே நாடி எழுபத்தாறு, மூச்சு சீர், நலம் என்றே இருந்தது.

சாரல்குடியில் நடக்கவே கூடாத காரியம் இது. பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட பெற்றோருக்கென்றே கோயம்புத்தூருக்கு மேற்கே, மலையைப் பார்த்தாற்போல் எழுப்பிய குடியிருப்பு அது. நாடி பார்க்க ஆளுக்கொரு மார்புப்பட்டை, படம் பிடிக்க அறைக்கொரு விழிக்கருவி, எல்லாவற்றையும் கவனிக்கக் கண்காணி. கண்காணி மனிதரல்ல, ஒரு கணினி நிரல். நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரின் இதயத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். துடிப்பு பிசகினால் மணியடித்து ஆட்களை அனுப்பும்.

ஆனால் அங்கே குடியேறியவர்கள் கண்காணியை நம்பி வந்தவர்கள் அல்ல. அவர்கள் வந்தது அந்தப் பச்சை விளக்குக்காக. மகனோ மகளோ உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது தங்கள் கைபேசியில் பெற்றோரின் அறையைத் திறந்தால், இங்கே கதவுக்கு மேல் பார்வை விளக்கு எரியும். கட்டிலில் கிடப்பவருக்கும் தெரியும், தாழ்வாரத்தில் போகிறவருக்கும் தெரியும். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களிலிருந்து திறந்தால் விளக்கு இன்னும் கொஞ்சம் பிரகாசமாக எரியும். இந்த யோசனையைச் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. மூன்றாம் கட்டடத்தில் எல்லாவற்றையும் விடப் பிரகாசமாக எரிந்தது பொன்னாத்தாளின் விளக்குதான்.

கண்காணியைப் பராமரிக்கும் பொறியாளர் நவமணி. மேலாளர் சபேசனின் அறைக்குள் அவள் நுழைந்தபோது, மேசைமேல் இருந்த தொலைபேசியில் டொராண்டோவிலிருந்து பொன்னாத்தாளின் மகன் குணசீலன் பேசிக்கொண்டிருந்தான். அழுது முடித்துவிட்டுப் பேசுகிற குரல்.

“நான் பார்த்துக்கிட்டேதானுங்க இருந்தேன். போன்லயும் தொறந்திருந்தேன், ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் தொறந்திருந்தேன். வீட்டு டிவில ஒரு மூலைல அம்மா ரூம் எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். சேர்ல அம்மாவைக் காணம். செரி, உள்ள போயிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

எவ்வளவு நேரமாகக் காணவில்லை என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

தொலைபேசி அணைந்ததும் சபேசன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நவமணி, செத்துப்போன பொம்பளைக்கு நாடி எப்படிங்க எழுபத்தாறு வரும்? இன்னொண்ணு இந்த மாதிரி ஆச்சுன்னா இந்த இடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். உங்கப்பாவும் அந்தக் கட்டடத்துலதானே இருக்காரு?”

அதை அவர் ஞாபகப்படுத்த வேண்டியதே இல்லை. நவமணியின் அப்பா ராக்கியப்பன் மூன்றாம் கட்டடத்தின் முதல் அறையில் இருந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இதயத்தில் இரண்டு குழாய் வைத்தவர். அவளுடைய காவலறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு புல்தரைதான். ஆனாலும் அவள் தினமும் காலையில் வந்ததும் கைபேசியில் அப்பாவின் அறையைத் திறந்து மேசையில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். அங்கே விளக்கு எரியும், அவர் கையை ஆட்டுவார். வாரத்துக்கு ஒரு நாள் நேரில் போவாள், அதுவும் வேலை இல்லாவிட்டால். கனடாவில் இருப்பவனைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அன்று மதியமே கோளாறு கிடைத்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் கண்காணி தனித்தனிப் பெட்டகத்துக்குள் ஓடுகிறது. பெட்டகம் என்றால் தொட்டுப் பார்க்கிற பெட்டி அல்ல. ஒரே தாய் இயந்திரத்துக்குள், ஒரு கட்டடத்தின் வேலை இன்னொன்றோடு கலக்காதபடி போட்ட தடுப்பு. பெட்டகத்துக்குள் இருக்கும் நிரலுக்கு எல்லாமே கோப்புதான். பொன்னாத்தாளின் மார்புப்பட்டை ஒரு கோப்பு. விழிக்கருவி ஒரு கோப்பு. டொராண்டோவிலிருந்து எட்டிப் பார்க்கும் மகனும் ஒரு கோப்பு. எதைப் பார்க்க வேண்டுமானாலும் அதைத் திறக்க வேண்டும், பார்த்து முடித்தால் மூட வேண்டும். ஒரு பெட்டகம் பேராசைப்பட்டு எல்லாவற்றையும் திறந்து போட்டுக்கொண்டு மற்றதைத் திணறடிக்கக் கூடாது என்பதற்காக, ஒரே நேரத்தில் இத்தனைதான் திறந்திருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். மூன்றாம் கட்டடத்தில் அந்த வரம்பு முட்டிவிட்டது.

முட்ட வைத்தவர்கள் பிள்ளைகள். மார்புப்பட்டையைக் கண்காணி நிமிடத்துக்கொரு முறை திறந்து, பார்த்து, ஒழுங்காக மூடிவிடுகிறது. பிள்ளைகளோ திறப்பதோடு சரி. படுக்கையில் ஒன்று திறப்பார்கள், காரில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. மூடுவது என்ற பேச்சே கிடையாது. பெற்றோரும் மூட விடுவதில்லை. “பக்கத்து ரூம் விளக்கு பளீர்னு எரியுது, நம்மளுது மின்மினியாட்ட இருக்குது” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகன் குளியலறைக் கண்ணாடியில்கூட ஒரு பார்வையைத் திறந்து வைத்துவிடுவான். இப்படி யாரும் பார்க்காத பார்வைகள் ஆயிரக்கணக்கில் திறந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே, நிஜமாகவே பார்க்கிற ஒன்று உள்ளே நுழைய இடமில்லாமல் வாசலில் நின்றது.

அதாவது பொன்னாத்தாள் விழுந்தபோது கண்காணி அவருடைய இதயத்தைத் திறக்கப் பார்த்திருக்கிறது. முடியவில்லை. அடுத்த நிமிடமும் பார்த்திருக்கிறது. அன்று முழுக்க முட்டி முட்டித் திரும்பியிருக்கிறது.

சரி, முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அங்கேதான் வயிறு எரிகிறது. சொல்லாதே என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

குடியிருப்பு திறந்த புதிதில், ஒருவருடைய மார்புப்பட்டை கழன்றதற்குக் கண்காணி மணியடித்துவிட்டது. மெல்போர்னில் இருந்த மகன் போட்டது போட்டபடி விமானம் ஏறி வந்து நின்றான். இங்கே அப்பா நடு முற்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார். அவருக்குப் போன மானம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் எல்லோரும் திரண்டு வந்து சபேசனை வளைத்துக்கொண்டார்கள். தூரத்துல இருக்கற புள்ளைகளைப் பதற வைக்கறதுக்கா இத்தனை மிசினு வெச்சிருக்கீங்க என்று கேட்டார்கள். தங்களுக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளைகளிடம் களைப்பு என்பார்கள், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு ‘சின்னதா ஒரு செக்கப்’ என்பார்கள். ஊரில் சாவு விழுந்தால்கூடப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து சொல்லும் சனங்கள். இத்தனை காலம் தாங்கள் செய்ததை இயந்திரமும் செய்ய வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். அதன்படி ஒரு விதி எழுதப்பட்டது. புது அளவு கிடைக்காவிட்டால், கடைசியாகக் கிடைத்த நல்ல அளவையே காட்டு. அதற்குக் ‘கலங்காமை விதி’ என்று பெயரும் வைத்தார்கள். எழுதியது நவமணிதான்.

அவள் முதலில் செய்தது தாய் இயந்திரத்தில் வரம்பை நாலு மடங்காக உயர்த்தியது. உயர்த்திவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு, வேறு வேலையில் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் தற்செயலாகத்தான் அப்பாவின் பெயரைப் பார்த்தாள். நாடி எழுபத்திரண்டு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாள், எழுபத்திரண்டு. எந்த மனிதனுக்கும் நாடி இப்படி ஆணி அடித்தாற்போல் நிற்காது.

மேசையில் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் அப்பாவின் அறை தெரிந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. எப்போதிலிருந்து அப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அந்தப் படம் அவள் கண்ணெதிரேதான் இருந்தது.

செருப்புகூடப் போடாமல் புல்தரையில் ஓடினாள். கதவைத் தள்ளித் தோளைப் பிடித்து உலுக்கியபோது ராக்கியப்பன் திடுக்கிட்டுக் கண் விழித்தார்.

“என்னம்மிணி? என்னாச்சு?”

அவளுக்கு மூச்சு வாங்கியது. “ஒண்ணுமில்லீங்கப்பா. சும்மாதான்.”

“வேலை நேரத்துல சும்மா வருவியா? அந்தச் சபேசன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டானா?” அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடது கையின் மேல் போட்டுக்கொண்டார். “போ கண்ணு. நாந்தான் நல்லா இருக்கறனே. அதான் விளக்கு எரியுதல்லோ.”

திரும்பி வரும் வழியில்தான் தன் முட்டாள்தனம் அவளுக்கு உறைத்தது. ஒரு பெட்டகம் பிறக்கும்போது என்ன வரம்போடு பிறக்கிறதோ, சாகும்வரை அதோடுதான் இருக்கும். வெளியே தாய் இயந்திரத்தில் எவ்வளவு உயர்த்தினாலும், ஓடிக்கொண்டிருக்கிற பெட்டகத்துக்கு அது போய்ச் சேராது. அதை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். படித்த காலத்திலிருந்து தெரிந்த விஷயம். சாரல்குடியில் பல வருடமாக எந்தப் பெட்டகத்தையும் யாரும் நிறுத்தியதே இல்லாததால் மறந்தே போயிருந்தது.

“நிறுத்தறதா?” சபேசன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “நிறுத்தினா விளக்கு அணைஞ்சிரும். அத்தனை விளக்கும் ஒண்ணா அணைஞ்சா இங்க என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

“கொஞ்ச நேரந்தானுங்க சார். அதுக்குள்ள வந்துரும். நிறுத்தலைன்னா இன்னைக்கு யாருக்கு நாடி நிக்குதுன்னே நமக்குத் தெரியாது.”

“பேப்பர்ல எழுதி மேலிடத்துக்கு அனுப்புங்க. வர்ற வாரம் பார்க்கலாம்.”

நவமணி காவலறைக்குப் போனாள். திரையில் அப்பாவின் எழுபத்திரண்டு அப்படியே நின்றது. கலங்காமை விதியை இதயத் துடிப்பிலிருந்து எடுத்துவிட்டு, கிடைக்காவிட்டால் ‘தெரியவில்லை’ என்று காட்டும்படி மாற்றினாள். பிறகு யாரையும் கேட்காமல் மூன்றாம் கட்டடத்தின் பெட்டகத்தை நிறுத்தினாள்.

புதுப் பெட்டகம் எழுந்தது. திரையில் எல்லாப் பெயருக்கும் எதிரே ‘தெரியவில்லை’ வந்தது, பிறகு ஒவ்வொன்றாக எண்கள் வந்தன. அப்பாவுக்கு எண்பத்தொன்று, அடுத்த நிமிடம் எழுபத்தெட்டு. நிஜமான, ஏறி இறங்குகிற எண்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

மூன்றாம் கட்டடத்துத் தாழ்வாரத்தில் திருவிழாக் கூட்டம் நின்றது. எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்து அணைந்த விளக்குகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஓர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங் நவமணி, எம்பையனுது மட்டும் அணைஞ்சுபோச்சா, எல்லாத்துதுமா?”

“எல்லாருதுந்தானுங்க.”

“அப்பச் செரி,” என்று அந்த அம்மாள் மூச்சு விட்டார்.

“பெட்டகம் திரும்ப ஓட ஆரம்பிச்சிருச்சுங்க. அங்க உங்க பசங்க மறுபடி தொறந்தாங்கன்னா எரிஞ்சிரும். இப்ப வந்துருமுங்க.”

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. மாலைத் தேநீர் ஆறிப்போனது. ஒருவரும் தொடவில்லை. வெயில் இறங்கியது. ஒரு விளக்கு, ஒரே ஒரு விளக்குகூட எரியவில்லை.

திறந்து வைத்த பார்வை அறுந்துபோனால், அங்கே பிள்ளைகளின் திரையில் என்ன தெரியும் என்று நவமணி அப்போதுதான் யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? அங்கும் அதே விதிதான். படம் வராவிட்டால் கடைசியாக வந்த நல்ல படத்தையே காட்டு. டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் மூலையில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை திரைகளிலும் அம்மாக்களும் அப்பாக்களும் அசையாமல் உறைந்து போயிருந்தார்கள். அசையவில்லையே என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஒரு தட்டுத் தட்டியிருக்கும், இங்கே விளக்கு வந்திருக்கும்.

அவள் தாழ்வாரக் கோடியில் பார்த்தாள். அப்பா தன் அறை வாசலில், தோளில் கிடந்த துண்டுக்குள் இடது கையை மறைத்தபடி, விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பையிலிருந்து தன் கைபேசியை எடுத்தாள். அதில் அவர், பெட்டகம் நின்ற நேரத்தில் இருந்தபடியே, நாற்காலியில் மறுபடி தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவளும் திறக்கவில்லை. எரியட்டும் என்று இவ்வளவு நேரம் இவர்களோடு சேர்ந்து நின்றவள், தன் பங்குக்கு ஒரு தட்டுத் தட்டவில்லை. அவமானத்தோடு திரையைத் தட்டப் போனாள்.

அதற்குள் சபேசன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். சொல்லாமல் நிறுத்தியதற்குத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. “ராத்திரிச் சாப்பாடு வேண்டாங்கறாங்க. ரெண்டு பேருக்கு பிரஷர் ஏறிப்போச்சு. ஏதாச்சும் பண்ணுங்க.”

“பசங்களை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுத் தொறக்கச் சொல்லலாமுங்க.”

“கூப்பிட்டு என்னன்னு சொல்றது? மத்தியானத்துல இருந்து உங்கம்மாவை நீங்க பார்க்கவே இல்லைன்னா? அவனவன் பதறிப்போவான். அப்புறம் ஏன் அணைஞ்சுதும்பான், பொன்னாத்தாள் கதை வெளிய வரும்.” குரலைத் தாழ்த்தினார். “விளக்கு எரியணும், அவ்வளவுதானுங்களே? அதை எதுக்கு டொராண்டோவுல இருந்து எரிய வைக்கணும்? இங்கிருந்தே கரண்ட் குடுத்துருங்க.”

நவமணி இது தப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். தாழ்வாரத்தில் ஓர் அம்மாள், மகன் பெயரைச் சொல்லி விளக்கிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டு மின்பலகையைத் திறந்தாள்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. பார்வை விளக்குகளின் இணைப்பைக் கண்காணியிலிருந்து பிடுங்கிக் கட்டடத்தின் மின்சாரத்தில் கொடுத்தாள். கம்பி முதல் அறையிலிருந்து ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போனது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சத்தம் எழுந்தது, சிலர் கைதட்டினார்கள். இப்போது எல்லா விளக்கும் ஒரே அளவு பிரகாசம், யாருக்கும் யார்மேலும் பொறாமை இல்லை. சாப்பாட்டுக் கூடம் நிறைந்துவிட்டது.

பெட்டகத்தையும் சும்மா சொல்லக் கூடாது, அருமையாக ஓடியது. பிள்ளைகளின் திரையில் உறைந்த படமே இனி போதும் என்று, சபேசன் தொலைபேசியில் கேட்டதும் மேலிடமும் சொல்லிவிட்டதால், திறக்க வேண்டிய பார்வை என்று ஒன்றும் இல்லை. உயர்த்திய வரம்பில் கால்வாசிகூட நிரம்பவில்லை. மார்புப்பட்டைகள் திறந்தன, மூடின. கோளாறு தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நவமணி அப்பாவிடம் போனாள். எல்லோருக்கும் பொய் சொன்னாலும் அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று புல்தரையைக் கடக்கும்போதே முடிவு செய்திருந்தாள். விளக்கை நம்பாதீங்கப்பா, இனி தினமும் நான் நேரிலேயே வருகிறேன் என்று சொல்ல வேண்டும்.

ராக்கியப்பன் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துண்டு கீழே கிடந்தது. இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டு வீங்கியிருந்தது.

“என்னங்கப்பா இது?”

அவர் அவசரமாகத் துண்டைத் தேடினார். “இதுவா? ஒண்ணுமில்ல. போன வாரம் பாத்ரூம்ல கொஞ்சம் வழுக்கிருச்சு. நர்ஸம்மா கட்டுப் போட்டுட்டாங்க.”

“போன வாரமா? எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“உங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? நீ பதறிப்போட்டு வேலையை உட்டுட்டு ஓடியாருவே. நாந்தான் நர்ஸம்மாகிட்ட, எம்பொண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன்.” அவர் சிரித்தார். “நீயும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே, உனக்கே தெரியாமப் பண்ணிட்டேன் பாரு.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“விளக்கு அணைஞ்சப்பக் கொஞ்சம் பயந்துதான் போனேன் அம்மிணி. வெளிய சொல்லிக்கலை,” என்றார் ராக்கியப்பன். “ஆனா பாரு, திரும்பி வந்தப்ப மொத விளக்கு என்னுதுதான். இந்தக் கட்டடத்துலயே மொத விளக்கு. அமெரிக்காக்காரனுக எல்லாம் அப்புறந்தான். எல்லார்கிட்டயும் சொன்னேன், எம்பொண்ணு ஒரு நிமிசங்கூட என்னை உட்டு கண்ணை எடுக்க மாட்டாள்னு. எடுக்கவே இல்லைதானே கண்ணு?”

நவமணி தலையைத் தூக்கிக் கதவுக்கு மேலே பார்த்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆமாங்கப்பா,” என்றாள். “பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.”